தாடிக்காரன் பிழைத்த தியேட்டர்

சினிமா தியேட்டரில் மானேஜராக இருப்பவன் படம் பார்ப்பதில்லை. படம் பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கிறான். பாங்கு கவுண்டர், ரேஷன் கடை, ரயில்வே விசாரணை ஜன்னல் என்று எங்கேயாவது பொதுஜனத்துக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தவர் நீங்கள் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறாமையோடு படிக்கலாம். ஏனென்றால் என் உத்தியோகத்தில் நான் ஜெயித்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தோற்ற வாரங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என் மனைவியிடம் போங்கள், ஒன்று விடாமல் சொல்லுவாள்.

பனியன் செக்‌ஷன்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தியேட்டர், மந்தைவெளி முடிந்து அடையாறு பாலம் வருவதற்கு முன்னால் இருந்தது. சாமிப் படமும் பழைய கத்திச்சண்டைப் படமும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய ஆளானவர். படத்தையும் அவர் துணி மாதிரிதான் பார்ப்பார். நெசவு கெட்டியா, சாயம் போகுமா என்பதுதான் கேள்வி.

இந்த மனிதரிடம் போய் நான், மவுண்ட் ரோடில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு விண்வெளிப் படத்தை அங்கே தூக்கியதும் நாம் போடலாம் என்றேன். ராட்சசக் கப்பல் ஒன்று ஆகாயத்தில் போகிறது, அதற்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது, நம் ஜனங்களும் இதைப் பார்க்கட்டுமே என்று தொண்டை வறளப் பேசினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ இடமாற்றம் என்று அர்த்தம். அபிராமபுரத்தில் என் மாமனார் வீட்டுத் தெருவில் எனக்குத் ‘தியேட்டர் மாப்பிள்ளை’ என்று பெயர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆகவே அடுத்து அவர் சொன்னது அந்தப் பெயருக்கே உலை வைப்பதாக இருந்தது.

“வேய், ஒரு வாரம் போட்டுப் பாரும். ஏழாம் நாளு வியாழக்கிழமை நான் வந்து பாக்கும்போது கூட்டம் இல்லைன்னா, வெள்ளிக்கிழமை காலையில நேரா நம்ம கடைக்கு வந்திரும். பனியன் செக்‌ஷன்ல ஒரு ஆளு குறையுது.”

பாட்டு எத்தனை?

படத்தின் இங்கிலீஷ் பெயர் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நுழையாது. ‘விண்ணைக் கிழித்த வீரன்’ என்று நானே ஒரு பெயர் வைத்துப் போஸ்டர் அடித்தேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மைக்கில் கத்திக்கொண்டு ரோஸ் கலர் நோட்டீஸ் வீசுவது ஏழுமலையின் வேலை. புறப்படும் முன் அவன் எப்போதும் சில கேள்விகள் கேட்பான். பாட்டு எத்தனை என்றான். பாட்டே இல்லை என்றேன். டான்ஸ்? இல்லை. அம்மா சென்டிமென்ட்? இல்லை. சரி, அந்தக் கப்பலில் இருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டான். போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினான்.

என்ன சொல்லித் தொலைக்கிறானோ என்று பயந்து நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன். மந்தைவெளி மார்க்கெட் முனையில் அவன் குரல் கணீரென்று கேட்டது. “பாட்டே இல்லாத படம்! பாதியில எழுந்து பீடி குடிக்கப் போவ அவசியமே இல்லாத படம்! உக்காந்தா உக்காந்ததுதான்!” என்று முழங்கிக்கொண்டிருந்தான். ஜனங்கள் நோட்டீஸை ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். நான் இறங்கிப் போய் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னான்:

“இல்லாதத இல்லேன்னு சொன்னா எவனும் வர மாட்டான் சார். அதையே பெருமையா சொல்லணும். எங்க நைனா எனுக்குப் பொண்ணு பாத்தது அப்டித்தான்.”

இடைவேளை எங்கே?

வெளிநாட்டுப் படத்தில் இடைவேளை கிடையாது. எடுத்தவர்களுக்குக் கான்டீன் என்று ஒன்று இருப்பது தெரியாது போலிருக்கிறது. எங்கள் கான்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஷண்முகம், இடைவேளை இல்லையென்றால் அடுப்பை மூடிவிட்டுப் போகிறேன் என்றான். எங்கள் ஆபரேட்டர் முனுசாமியோ, ஒரு ரீல் முடிகிற இடத்தில் தவிர வேறெங்கும் மிஷினை நிறுத்த மாட்டார். புரொஜக்டர் ரூமில் செருப்புப் போடாத மனிதர். பாதி ரீலில் நிறுத்து என்று சொன்னால், பூஜை பாதியில் எழுந்து வரச் சொன்னது போல முகம் சிவந்துவிடும்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் அவர் கணக்குப்படி ஆறாவது ரீல் முடிந்ததும் லைட் போட்டார். அந்த ரீல் எங்கே முடிகிறதென்றால், கதாநாயகன் கப்பலுக்கு வெளியே ஆகாயத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான், கயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. அங்கே இடைவேளை! ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்த இரண்டு பேரும் வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கிறதா என்று உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கூடை போண்டா ஆறிப்போயிற்று. ஷண்முகம் கரண்டியோடு என் அறைக்கே வந்துவிட்டான்.

“அந்த ஆளை அந்தரத்துல தொங்க வுட்டுட்டு எவன் சார் போண்டா துண்ணுவான்? நாளையிலேர்ந்து அவனை உள்ளார ஏத்திட்டு அப்புறமா லைட்டைப் போடச் சொல்லு.”

எழவு வீடு

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பலில் ஓர் ஒற்றைக்கண் இயந்திர மனிதன் இருக்கிறான். பாதிப் படத்தில் புத்தி கெட்டுப்போய் எல்லோரையும் துரத்துகிறான். தாடி வைத்த கதாநாயகன் அவனோடு சண்டை போட்டு அடித்து நொறுக்குகிறான். இது பத்தாவது ரீல். ஆனால் அதற்குள் கப்பலின் பின்கட்டில் நெருப்புப் பிடித்துவிடுகிறது. ஜனங்களைக் காப்பாற்ற, தாடிக்காரன் தான் மட்டும் பின்கட்டில் இருந்துகொண்டு அதைக் கப்பலிலிருந்து கழற்றி விடுகிறான். அது வெடித்துச் சிதறுகிறது. அவனைக் காதலித்த பெண் கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்து அழுகிறாள். இது பதினோராவது ரீல். கடைசி ரீலில் கப்பல் ஒரு பச்சைப்பசேல் என்ற கிரகத்தில் இறங்குகிறது, எல்லோரும் புல்வெளியில் ஓடுகிறார்கள், அந்தப் பெண் மட்டும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

எங்கள் தியேட்டரின் உயிர்நாடி ஊரூர் ஒல்காட் குப்பத்து ஜனம்தான். மீன் விற்றுவிட்டு மத்தியானம் பாலம் தாண்டிக் கும்பலாக வருவார்கள். அவர்களில் தேசம்மா என்கிற அம்மாள் ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மறுநாள் குப்பமே வரும். அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஹீரோவுக்குத் ‘தாடிக்காரன்’ என்றும் இயந்திரத்துக்கு ‘இரும்பன்’ என்றும் பெயர் வைத்து, கைதட்டி, விசிலடித்ததில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பின்கட்டு வெடித்ததும் சத்தம் நின்றது. ஆனாலும் யாரும் கலங்கவில்லை. கடலில் விழுந்தவனும் மலையிலிருந்து உருண்டவனும் கடைசியில் வந்து நின்ற படங்களை அவர்கள் எத்தனை பார்த்திருப்பார்கள்! காத்திருந்தார்கள். படம் முடிந்து, திரை வெள்ளையான பிறகும் பெஞ்சைவிட்டு எழாமல் காத்திருந்தார்கள். சனிக்கிழமை பாதி தியேட்டர் காலி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் பனியனைக் கழற்றி, இதிலெல்லாம் என்னென்ன சைஸ் உண்டு என்று பார்த்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தேசம்மா போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனது காதிலேயே இருந்தது.

“நல்ல மன்சன், அல்லாரையும் காப்பாத்தினான், அவனுக்குன்னு ஒரு பிடி அரிசி போட ஆளு இல்ல. இன்னா சாரே, நாங்க சினிமாக்கு வந்தமா, எயவு வூட்டுக்கு வந்தமா?”

புகைக்குள்ளிருந்து

ஞாயிற்றுக்கிழமை முனுசாமி சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஆதம்பாக்கத்திலிருந்து தேவராஜ் என்று ஒருவர் வந்தார். படு சுறுசுறுப்பு. ஒவ்வொரு ரீலும் ஓடி முடிந்ததும் அதைத் திருப்பிச் சுற்றித் தகர டப்பாவில் போட்டு மூடுவார்கள். நம்பர் மூடியின் மேல் எழுதியிருக்கும். மத்தியான ஆட்டம் முடிந்ததும் தேவராஜ் அவசரத்தில் பத்தாவது டப்பாவின் மூடியைப் பதினொன்றுக்கும், பதினொன்றின் மூடியைப் பத்துக்கும் போட்டு அமுக்கிவிட்டார். யாருக்கும் தெரியாது.

மாலை ஆட்டம். நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட முன்னாலேயே கேட்கிறதே என்று தோன்றியது. எழுந்து உள்ளே போய்ப் பார்த்தால், தாடிக்காரன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தான், ஜன்னலில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். இரும்பனோடு சண்டையே இன்னும் வரவில்லை! மேலே ஓடி மிஷினை நிறுத்தச் சொல்லலாம் என்று ஹாலின் பின்பக்கப் படிக்கட்டில் பாதி ஏறியிருப்பேன். பத்தாவது ரீல் ஆரம்பித்தது. அது எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? நீளமான ஒரு வழிநடை. முழுக்கப் புகை. ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் புகையை விலக்கிக்கொண்டு, கையில் கடப்பாறையோடு, தாடிக்காரன் மெதுவாக நடந்து வருகிறான்.

அந்தச் சத்தத்தை நான் எந்தப் படத்துக்கும் கேட்டதில்லை. தியேட்டர் கூரையில் ஓட்டைகள் உண்டு. அன்று எல்லா ஓட்டை வழியாகவும் விசில் வெளியே போயிருக்கும். செத்தவன் எழுந்து வந்து இரும்பனை நொறுக்குகிறான், அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான்! ஜனங்கள் சில்லறையைத் திரையில் வீசினார்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசி ரீலில் அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மறுபடி பக்கென்றது. தாடிக்காரன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டை ஒட்டிய வரிசையிலிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவன்தானே கப்பலை ஓட்டியாந்தான்? அல்லாரையும் எறக்கி வுட்டுட்டான், வண்டிய ஓரமா நிறுத்திட்டு வருவான், இரு.”

முனுசாமியின் மனச்சாட்சி

திங்கட்கிழமை முனுசாமி கல்யாணச் சாப்பாட்டுக் களையோடு வந்து, ரீலைக் கையில் எடுத்தவுடனே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மூடிகளைச் சரியாக மாற்றிவைத்தார். அன்று மத்தியானம் குப்பமே திரண்டு வந்திருந்தது. செத்தவன் பிழைக்கிற படம் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்கள் பரப்பியிருந்தார்கள். தேசம்மா முதல் பெஞ்சில். முனுசாமி சரியாக ஓட்டினார். தாடிக்காரன் முதலில் சண்டை போட்டான், பிறகு செத்தான், செத்தே போனான்.

ஒருவரும் வெளியே போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் கூட்டம் நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் பெஞ்சைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். தேசம்மா எழுந்து நின்று புரொஜக்டர் ஓட்டையைப் பார்த்து, “நேத்து பொயச்சான் இல்ல? இன்னிக்கு இன்னாத்துக்கு சாவடிச்சே? கீயே எறங்கி வா!” என்று குரல் கொடுத்தாள். முனுசாமி இறங்கி வரவில்லை. நான்தான் மேலே ஏறினேன். அவர் முக்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர் ஓட்டை வழியாகக் கீழே இருந்த முகங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு டப்பாவையும் முன்னால் இழுத்துவைத்து, மூடிகளைக் கழற்றினார்.

“நான் ஆபரேட்டர் சார், எமன் இல்ல. என் கையால ஒருத்தன் தெனம் மூணு வாட்டி சாவணும்னு எனுக்கு மட்டும் ஆசையா?”

மயிலாப்பூர் தம்பதி

புதன்கிழமை பால்கனியில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மயிலாப்பூர் மாடவீதிக்காரர்கள். அவர் பெரிய உத்தியோகத்திலிருந்தவர், கையில் மடித்த இங்கிலீஷ் பேப்பர். படம் விட்டதும் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஒரு விரலை உயர்த்தினார். “மிஸ்டர் மானேஜர், இந்தப் படத்தை நான் ஏற்கெனவே மவுண்ட் ரோடில் பார்த்திருக்கிறேன்” என்று ஆரம்பித்தார். படித்தவர், பேப்பருக்குக் கடிதம் எழுதுகிற ஜாதி என்று முகத்திலேயே தெரிந்தது. எழுதினால் படக் கம்பெனிக்காரன் மறுநாளே படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வியாழக்கிழமை முதலாளி வந்து பார்க்கும்போது படமும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்.

அவர் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள், அந்த அம்மாள் அவருடைய உயர்ந்த விரலைக் கீழே இறக்கிவிட்டுத் தானே முன்னால் வந்தாள். அவள் முகம் பூரித்திருந்தது.

“அங்க பாத்தப்போ அவன் போயிட்டான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. இங்க வந்து பாத்தா நன்னா இருக்கான்! அவா ஏ.ஸி.யைப் போட்டுண்டு கவனிக்காம எதையோ மாத்தி ஓட்டியிருக்கா. நீங்க அவாளுக்கு ஒரு போன் பண்ணி எடுத்துச் சொல்லிடுங்கோ.”

வியாழக்கிழமை

மத்தியானம் முதலாளி காரில் வந்து இறங்கினார். அவர் கார்க் கதவை மூடும் முன், ஆட்டோவில் இன்னொருவர் வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் பிரீஃப்கேஸ். படக் கம்பெனியின் ரெப், அதாவது பிரதிநிதி. மவுண்ட் ரோடில் ஓய்ந்த படத்துக்கு மந்தைவெளியில் எப்படி ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்குகிறது என்று பார்க்க வந்திருந்தார். படம் அவருக்கு மனப்பாடம். ஒரு வாரம் தாக்குப்பிடித்து, கடைசி மத்தியானத்தில் இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நான் நினைக்கவில்லை. பால்கனியில் மிச்சமிருந்தது பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸீட்டுதான். இரண்டு பேரையும் அதிலேயே உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

பின்கட்டு வெடித்தது. முதலாளி துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ரெப் நிமிர்ந்து உட்கார்ந்தார், வாட்சைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார். புகை வந்தது. தாடிக்காரன் நடந்து வந்தான். கீழே ஊர் இரண்டுபட்டது. ரெப் எழுந்து நின்று, “சார், ரீல் மாறிப்போச்சு, நிறுத்தச் சொல்லுங்க!” என்று கத்தினார். முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவருடைய டையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தார். “உக்காரும்வே, மறைக்குதுல்லா” என்றார். அப்புறம் அந்த ரெப் எழுந்திருக்கவேயில்லை. இரும்பன் உடைந்து விழுந்தபோது அவரும் கை தட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து ரெப் என் அறைக்கு வந்தார். டை ஒரு பக்கம் கோணியிருந்தது. ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறந்தார், மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“இங்கே ஓட்டி முடிச்சதும் இந்தப் பெட்டி மதுரைக்குப் போகுது. தயவுசெய்து மூடியைச் சரிபண்ணிடாதீங்க சார்.”

முதலாளியின் தீர்ப்பு

முதலாளி வாசலில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த ஆட்டத்துக்கான வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் வளைந்து போயிருந்தது. நான் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டை எடுத்தார். இத்தனைக்கும் பிறகுமா என்று நினைத்தேன். பார்த்தால், அவர் துடைத்துக்கொண்டது கண்ணாடியை அல்ல, கண்ணை. வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். அவரிடம் வேலை பார்த்த எவர் தோளிலும் அந்தக் கை அதுவரை பட்டதில்லை.

“வேய், நீரு இங்கேயே இரும். நாளைக்குக் கடையைப் பூட்டிட்டு எல்லாப் பயலுவளையும் கூட்டியாறேன், எடம் போட்டு வையும்.”

போன உயிரை மீட்பதற்குச் சாவித்திரி எமன் பின்னாலேயே நடந்து வாதாட வேண்டியிருந்தது. நாங்கள் எமனைக் கலந்துகொள்ளாமல், இரண்டு தகர மூடிகளை வைத்துக்கொண்டே காரியத்தை முடித்துவிட்டோம்.